கப்பல் பேணியில் மருந்து தரப்படமாட்டாது

இந்த மாதம் எங்கள் பழைய மருந்து நிலையத்துச் சுவர்களுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்திருக்கிறார்களாம். மருந்து கொடுக்கும் யன்னலுக்கு மேலே தொங்கும் பலகையைக் கழற்றுவதா விடுவதா என்று அங்கே இப்போது வேலை செய்யும் பெண்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். "கப்பல் பேணியில் மருந்து தரப்படமாட்டாது" என்று அதில் கறுப்பு மையால் எழுதியிருக்கும். கப்பல் பேணி என்றால் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அதை எழுதிய மனுசி இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள் என்று யாரோ சொல்லிவிட, போன ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வீட்டுக்கு வரும்போது வாசலில் இரண்டு சைக்கிள் நின்றன.

"அன்ரி, அது என்ன கப்பல் பேணி? மருந்தைப் பேணியில குடுக்கிற வழக்கம் இருந்ததோ?"

தேத்தண்ணி கொடுத்தேன். கதையை வாயால் சொல்லவில்லை. வாயால் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன். அதுவும் எனக்குச் சாதகமில்லாத பாதியைத்தான். எழுதித் தருகிறேன், பொறுங்கள் என்று அனுப்பிவிட்டேன். அந்தக் காலம் போல வருமா என்று நான் புலம்பப் போவதில்லை. இப்போது கிறீம் குழாயில் அடைத்து வருகிறது, அது நல்லது. அப்படி அன்றே வந்திருந்தால் செல்வராணி என்ற பிள்ளைக்கு நடந்தது நடந்திராது.

மருந்து கலக்கப் படித்தது கொழும்பில். இரண்டு வருஷம் அளவைக் கண்ணாடியும் தராசுமாகப் போயிற்று. அதில் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போன கையோடு திருகோணமலைக்கு நியமனம் கிடைத்து வந்தேன். துறைமுக வீதிக்குப் பக்கத்தில் ஓடு போட்ட ஒரு நீளக் கட்டடம். முன்னால் நோயாளர் இருக்கும் வாங்குகள், நடுவில் அப்போதிக்கரியின் அறை, பின்னால் என் மருந்து மேசை. நான் தாதி அல்ல. ஆனாலும் வெள்ளைச் சட்டை போட்ட பெண் யாராக இருந்தாலும் சனத்துக்கு மிஸ்ஸிதான். முதல் கிழமை இரண்டு பேரைத் திருத்திப் பார்த்துவிட்டு, பிறகு நானும் மிஸ்ஸியாகிவிட்டேன்.

அப்போதிக்கரி அருமைநாயகம் ஐயா டொக்டர் இல்லாத இடத்தில் டொக்டர். மெலிந்த ஆள், சத்தம் போடாத ஆள். அவருக்குக் கோபம் வந்தால் குரல் குறையும்; காது கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கும். அதனால் அவர் ஏசும்போது நாங்கள் அவருக்கு இன்னும் கிட்டப் போய் நிற்போம். அதைவிடத் தண்டனை வேறு இல்லை.

வருகிற வியாதிகளில் முகத்துப் பருவும் பொரியும் தடிப்பும் ஏராளம். துறைமுகத்தில் வேலை செய்கிறவனுக்கு எண்ணெய்ப் புகை, வள்ளத்தில் போகிறவனுக்கு உப்புக் காற்று. வீட்டில் இருக்கிற பெண்ணுக்கோ அயலட்டை சொல்லும் கைமருந்து முழுவதும். மற்ற ஆஸ்பத்திரிகளில் இதற்கெல்லாம் கந்தகக் களிம்பைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஐயா அப்படியில்லை. கைகளைக் கழுவி, துடைத்து, நோயாளியை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்து, மூன்று கேள்வி கேட்பார். மூன்றும் ஒவ்வொரு நாளும் அதே கேள்வி, அதே ஒழுங்கு.

"என்னத்தால கழுவுறீங்கள்? என்னத்தால துடைக்கிறீங்கள்? என்னத்தைப் பூசுறீங்கள்?"

இறங்குதுறைக்கு முன்னால் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த காசிம் காக்கா ஒருமுறை நெற்றியும் கன்னமும் சிவந்துபோய் வந்தார். அடுப்புப் புகையில் நிற்கிறவர். பரு வந்ததும், உடுப்புத் தோய்க்கும் கட்டிச் சவர்க்காரத்தால் நாளுக்கு ஐந்து தரம் முகத்தைத் தேய்த்திருக்கிறார். ஒவ்வொரு தரத்துக்கும் மேலே எலுமிச்சம்புளி வேறு.

"காக்கா, முகம் என்ன கறிச்சட்டியோ, அடிப்பிடிச்சது போகத் தேய்க்கிறதுக்கு?"

"எண்ணெய் வழியுது ஐயா. காய வச்சாத்தானே பரு சாகும்?"

"காய வச்சா நீங்கள்தான் சாவீங்கள். பரு சாகாது."

வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், காக்காவும் சிரித்தார். பிறகு ஐயா சொன்ன வைத்தியம் இதுதான். காலையும் மாலையும் மட்டும் கழுவ வேண்டும். காரமில்லாத சவர்க்காரம் கொஞ்சம், வெறுங்கையால். கடையில் மேசை துடைக்கும் துணியை முகத்துக்கு எடுக்கக்கூடாது. அவருக்கென்று ஒரு துவாய், அதுவும் ஒற்றி எடுக்க, தேய்க்க அல்ல. முகத்தில் ஈரம் இருக்கும்போதே எங்கள் கிறீமில் ஒரு கடலை அளவு எடுத்து மெல்லிசாகப் பூச வேண்டும். கிள்ளக்கூடாது. தலையணை உறையைக் கிழமைக்கு இரண்டு தரம் மாற்ற வேண்டும். தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றிக்கு இறங்கக்கூடாது. பருவுக்குக் கிறீம் பூசச் சொல்லும் விசர் மனுசன் என்று காக்கா வெளியே போய்ச் சொன்னாராம். ஆறாம் கிழமை கன்னம் தெளிந்ததும் அதே வாயால் எங்களுக்கு வாடிக்கைக்காரர் பிடித்துத் தந்தார்.

அந்தக் கிறீம்தான் எங்கள் நிலையத்தின் பெருமை. தண்ணிக் கிறீம் என்போம், ஏனென்றால் அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். மெழுகு, வெள்ளைப் பரபின் களிம்பு, பரபின் எண்ணெய் மூன்றையும் கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்க வேண்டும். இன்னொரு கிண்ணத்தில் கொதித்து ஆறிய தண்ணீர், அதில் பழுதாகாமல் இருக்கத் துளி மருந்து. இரண்டும் ஒரே சூட்டுக்கு வரும்வரை வெப்பமானியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருந்தால் திரிந்த பால் போலக் கட்டி கட்டியாகிவிடும். பிறகு தண்ணீரை நூலாக ஊற்றி, ஆறும்வரை கிண்ட வேண்டும். வேகமாய்க் கிண்டினால் காற்றுப் புகுந்து நுரைக்கும். நடுவில் நிறுத்தினால் உறைந்து திரளும். முதல் மாதத்தில் நான் மூன்று சட்டி கிறீமைக் கொட்டினேன். நாலாவதை ஐயா தன் புறங்கையில் பூசிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அறைக்குப் போனார். அவரிடம் அது பாராட்டு.

கிறீம் இருந்தது, போட்டுக் கொடுக்கப் பாத்திரம்தான் இருக்கவில்லை. மேலிடத்திலிருந்து வரும் கண்ணாடிக் குப்பிகள் மாத நடுவில் முடிந்துவிடும். ஆகவே நோயாளர்தான் ஏனம் கொண்டு வருவார்கள். குடிமருந்துக்குப் போத்தல், பூச்சு மருந்துக்கு மூடி போட்ட தகரப் பேணி. தைலப் பேணி, பவுடர் பேணி, சிரட்டை, ஒன்றுமில்லாவிட்டால் வெற்றிலை. வாங்கிப் பார்த்து, மணந்து, சரியில்லாவிட்டால் திருப்பி அனுப்புவது மருந்து கலக்கிறவரின் வேலை. சாராயப் போத்தல்களை மணந்து மணந்தே எனக்கு எந்த வீட்டில் யார் குடிக்கிறார் என்பது அத்துப்படி.

செல்வராணி வந்தது நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். சம்பூர்ப் பிள்ளை. மூதூரிலிருந்து லாஞ்சிப் படகில் வந்து இறங்கி நேரே எங்களிடம் வந்திருந்தாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். எடுத்தபோது இரண்டு கன்னத்திலும் நாடியிலும் சிவப்புப் பொரிகள், இடையிடையே செதில். தாதிப் பயிற்சிக்கு அவளைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். கொழும்பில் வைத்திய சபைக்கு முன்னால் நின்று உடம்பைக் காட்ட வேண்டும், அதற்கு இன்னும் ஐந்து கிழமை. தோலில் வருத்தம் உள்ளவர்களை எடுக்கமாட்டார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மையும்தான். வயதெல்லைப்படி அவளுக்கு அதுதான் கடைசித் தடவை.

"அப்பா ஒருக்கா மட்டும் கொழும்புக்குப் போக விட்டிருக்கிறார் மிஸ்ஸி. திரும்பி வந்தா வயல்தான், பிறகு கலியாணம்தான். படிச்சதெல்லாம் முடிஞ்சுது" என்றாள். அழவில்லை. அழுதால் முகம் இன்னும் சிவக்கும் என்று பயந்தாளோ என்னவோ.

ஐயா கை கழுவி, துடைத்து, யன்னல் பக்கம் திருப்பி, கேட்டார்.

"என்னத்தால கழுவுறீர் பிள்ளை?"

"கிணத்துத் தண்ணியும் குளிக்கிற சவுக்காரமும் ஐயா."

"என்னத்தால துடைக்கிறீர்?"

"சேலையால."

"என்னத்தைப் பூசுறீர்?"

"ஒண்டும் பூசிறேல்ல ஐயா."

அவள் பொய் சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காக்காவுக்குச் சொன்ன அதே வைத்தியம்தான் அவளுக்கும். அன்று அவள் ஏனம் கொண்டு வரவில்லை, குப்பியும் முடிந்திருந்தது. ஒரு கிழமைக்குக் காணும் அளவு கிறீமை எண்ணெய்த்தாளில் மடித்துக் கொடுத்து, அடுத்த முறை பேணி கொண்டு வா பிள்ளை என்றேன். ஒரு கிழமையால் வந்தபோது செதில் போய்விட்டது. சிவப்பும் பாதி இறங்கியிருந்தது. லாஞ்சியில் வரும்போது சேலைத் தலைப்பை எடுத்துவிட்டே வந்தாளாம். எனக்கும் சந்தோசம், நான் கிண்டிய கிறீம் அல்லவா.

கையில் வடிவான பேணி ஒன்று கொண்டு வந்திருந்தாள். நீலத் தகரம், பளபளவென்று இருந்தது. மூடியில் இரண்டு வெள்ளைக் கைகளின் படம். சுற்றிவர ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து. கப்பலில் வந்த சாமான் என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரு தனி மரியாதை உண்டு. கப்பல் சவர்க்காரம், கப்பல் பிஸ்கட் என்று சொல்லும்போதே குரல் கொஞ்சம் உயரும். அவளுடைய மாமா இறங்குதுறையில் மூட்டை இறக்குகிறவர். ஏதோ ஒரு கப்பல்காரன் கொடுத்ததாம்.

"இதுக்குள்ள போடுங்கோ மிஸ்ஸி. சாம்பல் போட்டுக் கழுவி வெயிலில காய வச்சனான்."

திறந்து பார்த்தேன். உள்ளே வெள்ளி போல மின்னியது. பஞ்சால் ஒரு துடை துடைத்து, நிரப்பி, மூடிக் கொடுத்தேன். மணந்து பார்த்தேனா என்றால், பார்த்தேன். லேசாக எண்ணெய் மணம் இருந்தது. துறைமுகத்தில் எண்ணெய் மணக்காத சாமான் எது? நானே வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் எண்ணெய் மணக்கிறவள்தான்.

மூன்றாம் கிழமை வந்தாள். கன்னம் மறுபடி சிவந்திருந்தது. புதிதாய் வாயோரத்திலும் பொரி. எனக்கு எரிச்சல் வந்தது. அன்றைக்கு வாங்கு நிறையச் சனம், குடிமருந்துக்கு நீட்டிய போத்தல்கள் வேறு. யன்னலால் தலையை நீட்டி எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக ஏசினேன்.

"சொன்னதைக் கேட்டாத்தானே மாறும்! கண்ணாடிக்கு முன்னால நிண்டு கிள்ளுறீரோ? இல்லாட்டி ஆரும் சொன்ன கண்டதையும் பூசுறீரோ?"

"இல்லை மிஸ்ஸி. நீங்கள் சொன்னமாதிரித்தான்..."

"நான் சொன்னமாதிரிச் செய்தா ஏன் கூடுது? எங்களுக்கும் முகத்தில கண் இருக்குப் பிள்ளை."

வாங்கில் யாரோ சிரித்தார்கள். காசிம் காக்காவிடம் சிரித்த சிரிப்பல்ல அது. அவள் பேணியை நீட்டினாள். நான் மறுபடி நிரப்பிக் கொடுத்தேன். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

நாலாம் கிழமை அவள் வந்த நேரம் நான் மருந்து மேசையில் இருந்தேன். அவளை அடையாளம் தெரியவில்லை. கண்ணிமை வீங்கி, கன்னத்துத் தோல் வெடித்து, நாடியில் நீர் கசிந்துகொண்டிருந்தது. கொழும்புக்கு இன்னும் எட்டு நாள். ஐயா அவளைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். குரல் மிகவும் குறைந்திருந்தது. நான் கிட்டப் போனேன்.

"முதல் கிழமை சுகம். பிறகுதான் கூடியிருக்கு. இடையில என்ன மாத்தினீர்?"

"ஒண்டும் மாத்தேல்ல ஐயா. அதே கிறீம். நேற்றும் பத்துப் பேருக்குக் குடுத்தனான். ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை."

"முதல் கிழமை எதில குடுத்தனீர்?"

"எண்ணெய்த்தாளில."

சொல்லி முடிக்கும்போதே என் கண் செல்வராணியின் மடிக்குப் போனது. ஐயா அவளுடைய மடியிலிருந்த நீலப் பேணியை வாங்கினார். கிறீமை மணக்கவில்லை, மூடியைத் திருப்பி அதன் உட்பக்கத்தை மணந்தார். பிறகு களிம்புக் கத்தியின் நுனியை விட்டு நெம்பினார். மூடிக்குள் இறுக்கி ஒட்டியிருந்த வட்டமான கடதாசி மட்டை ஒன்று கழன்று மேசையில் விழுந்தது. வெளிப்புறம் வெள்ளை. உட்புறம் மஞ்சள் கறுப்பாய் ஊறிப்போயிருந்தது. ஒற்றுத்தாளில் வைத்து அழுத்த, எண்ணெய் வட்டம் ஒன்று மெல்ல மெல்லப் பரவியது. அறை முழுக்க மண்ணெண்ணெய் மணந்தது.

சாம்பலால் அவள் பேணியைத்தான் கழுவினாள். மூடிக்குள் மட்டை இருப்பது அவளுக்குத் தெரியாது. பார்க்க வேண்டிய நானும் பார்க்கவில்லை.

"இந்தப் பேணியில முந்தி என்ன இருந்தது பிள்ளை?"

"கைக்குப் பூசுற கிறீம் ஐயா. கைப்படம் போட்டிருக்கெல்லோ. கைக்குப் பூசலாமெண்டா முகத்துக்கும் பூசலாமெண்டு பூசினனான். இப்ப யோசிச்சா அதோடதான் இந்தப் பொரி வந்தது. பிறகு அந்தக் கிறீம் முடிஞ்சுபோச்சு ஐயா. நீங்கள் கேக்கேக்க நான் ஒண்டும் பூசிறேல்லத்தான்."

ஐயா கேட்டது என்னத்தைப் பூசுறீர் என்று. என்னத்தைப் பூசினீர் என்று கேட்கவில்லை. கேட்டதற்குச் சரியான பதில் சொல்லியிருந்தாள். ஐயா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அடுத்த நாளிலிருந்து அவருடைய கேள்விகள் நாலாகிவிட்டன.

மூதூர் லாஞ்சியின் என்ஜின்காரர் துறையில்தான் நின்றார். ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டோம். பேணியைக் கண்டதும் ஒரு பார்வையிலேயே சொல்லிவிட்டார்.

"இது என்ஜின் அறையில கை கழுவுற சாமான் ஐயா. மண்ணெண்ணெய் கலந்தது, கிறீஸ் பிடிச்ச கைய இதால தேய்ச்சாத்தான் போகும். நல்ல சாமான்." பிறகு சிரித்துக்கொண்டு கேட்டார்: "ஏன், ஆரும் முகத்தில பூசிப்போட்டாங்களோ?"

செல்வராணி முகத்தை நிமிர்த்தினாள். அவருடைய சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, போகட்டுமா ஐயா என்று கேட்டுப் போனார்.

அவளை வாங்கில் இருத்திவிட்டு ஐயா என்னிடம் கேட்டார்.

"ஏனம் பாத்து வாங்கிறது ஆரிட வேலை?"

"என்ர வேலை ஐயா."

"சபைக்கு ஒரு கடிதம் வேணும். உம்முடைய கையால எழுதும்."

என் பதவியை நிரந்தரமாக்கும் பத்திரம் அப்போது அவருடைய மேசை லாச்சியில்தான் கிடந்தது. அந்த மாதம் மேலே போக வேண்டியது. வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போனேன். அசுத்தமான பேணியொன்றில் கிறீம் நிரப்பப்பட்டதால் நோயாளியின் முகம் பாதிக்கப்பட்டிருக்கிறது, இது தொற்று அல்ல என்று கருத்து. நல்ல இங்கிலீசு என்று எனக்கு நினைப்பு. ஐயா வாசித்து, ஒரு சொல்லின் கீழே விரலை வைத்தார்.

"நிரப்பப்பட்டது. ஆரால? பேணி தானா நடந்து வந்து கிறீமை அள்ளிக்கொண்டு போனதோ?"

கடிதத்தை எடுக்கக் கை நீட்டினேன், அவர் விரலை எடுக்கவில்லை.

"ஆர் நிரப்பினது பிள்ளை?"

திரும்பப் போய் எழுதினேன். நான் நிரப்பினேன். நான் மூடியைப் பார்க்கவில்லை. இரண்டு கிழமை நிரப்பினேன். இந்தப் பெண் சொன்னதைச் சொன்னபடி செய்தாள், பிழை எங்களுடையது. என் பெயரை எழுதி ஒப்பம் வைத்தேன். கீழே ஐயாவும் ஒப்பம் வைத்தார். வைக்கும் முன் தன் கையால் ஒரு வரி சேர்த்தார். கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை என்பதுதான் அந்த வரி.

பிறகு அவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருந்துதான் சொன்னேன், யன்னலுக்குப் பின்னால் நின்று அல்ல. பிழை என்னிலதான் பிள்ளை, உன்னை நான் ஏசியிருக்கக்கூடாது என்றேன். அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் ஏசின அண்டைக்கு நான் வீட்ட போய் யோசிச்சனான் மிஸ்ஸி. நான்தான் குறைச்சுப் பூசுறன் போல எண்டு. அதுக்குப் பிறகு மூண்டு தரம் பூசினனான். கனக்கக் கனக்க."

முப்பது வருஷத்துக்கு மேல் போய்விட்டது. என் சொல்லைக் கேட்காத நோயாளர் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன்; அவர்களை இன்று நினைவில்லை. என் சொல்லைக் கேட்டு முகம் வெந்தவள் இவள் ஒருத்திதான்.

அன்று பின்னேரமே புதிதாய் ஒரு சட்டி கிறீம் கிண்டினேன். ஐயா தன் வீட்டிலிருந்து ஒரு ஜாம் போத்தல் கொண்டு வந்தார். அதையும் மூடியையும் வேறு வேறாக அரை மணி நேரம் அவித்தேன். ஆறிய தண்ணீரால் மட்டும் முகத்தைக் கழுவி, ஒற்றி, கிறீம் பூச வேண்டும், சவர்க்காரம் வேண்டாம், லாஞ்சியில் வெயிலும் உவர்க்காற்றும் படாத பக்கம் இருக்க வேண்டும். எட்டு நாளில் கசிவு நின்றது, வீக்கம் இறங்கியது. சிவப்புப் போகவில்லை. அந்த முகத்தோடும் எங்கள் கடிதத்தோடும் அவள் தகப்பனுடன் கொழும்புக்கு ரயில் ஏறினாள். அந்த இரண்டு நாளும் நான் கலந்த மருந்துகளையெல்லாம் இரண்டு தரம் நிறுத்துப் பார்த்தேன்.

திரும்பி வந்தவள் லாஞ்சிக்குப் போகாமல் நேரே எங்களிடம்தான் வந்தாள். தகப்பன் வெளியே மரத்தடியில் நின்றார். உள்ளே வந்து நின்றபடியே சொன்னாள்.

"கடிதத்தை வாசிச்ச பெரிய டொக்டர் கேட்டவர், அப்ப பிழை முழுக்க மருந்துக்காரியிலயோ எண்டு. நான் சொன்னனான், பேணியைக் கொண்டு போய்க் குடுத்தது நான் டொக்டர், அதில முந்தி என்ன இருந்ததெண்டு எனக்குத்தான் தெரியும், நான் சொல்லேல்ல எண்டு."

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீர்? கடிதம் இருந்ததெல்லோ!"

"கடிதத்தில உங்கட பக்கம்தானே இருந்தது மிஸ்ஸி. என்ர பக்கமும் இருக்கெல்லோ."

அந்த டொக்டர் அவளுடைய கன்னத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தாராம். கடிதத்தைத் திரும்ப ஒருமுறை வாசித்தாராம். ஆறு கிழமை கழித்து மறுபடி வா, முகம் தெளிந்திருந்தால் எடுக்கிறோம், வயதெல்லையை அதற்குள் பார்க்கமாட்டோம் என்று எழுதித் தந்திருந்தார். ஆறு கிழமையும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் ஜாம் போத்தலோடு வந்தாள். ஒவ்வொரு முறையும் நான் மூடியைத் திருப்பிப் பார்த்து அவித்துத்தான் நிரப்பினேன். கடைசிச் சனிக்கிழமை யன்னல் வெளிச்சத்தில் ஐயா அவளுடைய கன்னத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அறைக்குப் போனார். அவளுக்கு அதன் பொருள் தெரியாமல் பயந்துவிட்டாள். நான்தான் விளக்கிச் சொன்னேன். கொழும்பில் அவளை எடுத்துவிட்டார்கள்.

என் பத்திரம் ஒரு வருஷம் தள்ளிப் போனது. நியாயம்தான்.

இறங்குதுறைப் பக்கத்து வீடுகளில் விசாரித்தபோது அதே நீலப் பேணி இன்னும் நாலு வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் இருந்தது. அதற்காகத்தான் அந்தப் பலகையை எழுதி மாட்டினேன். என் கையெழுத்து வடிவு என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

ஏழெட்டு வருஷத்துக்குப் பிறகு செல்வராணி எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கே மாற்றலாகி வந்தாள். இப்போது அவள்தான் உண்மையான மிஸ்ஸி. ஒருநாள் வார்ட்டுக்குக் கிறீம் எடுக்க எங்களிடம் வந்திருந்தபோது, சொன்னபடி செய்தும் புண் ஆறவில்லை என்று ஒரு வயதான அம்மா யன்னலில் நின்று அழுதுகொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன் செல்வராணி அந்த அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அழாதைங்கோ அம்மா. நீங்கள் செய்தது சரிதான். முதல்ல நாங்கள் தந்த மருந்தைப் பாப்பம்" என்றாள்.

போகும்போது யன்னலுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தாள்.

"மிஸ்ஸி, இந்தப் பலகை ஆக்களைப் பாத்தெல்லோ தொங்குது. வாசிக்க வேண்டியது உள்ளுக்கு நிக்கிற நாங்களெல்லோ?"

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். நாளைக்குத் திருப்புகிறேன் என்று சொன்னதாகவும் ஞாபகம். ஓய்வு பெறும் நாள்வரை திருப்பவில்லை. கடிதத்தில் ஐயா விரல் வைத்த சொல் போலவே, செய்தவர் ஆரென்று சொல்லாத ஒரு சொல் அந்தப் பலகையிலும் இருப்பதை, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் வாசித்துக் காட்டியபோதுதான் கவனித்தேன். தரப்படமாட்டாது. ஆரால?

ஆகவே பிள்ளைகளே, வெள்ளையடிக்கிறவர் போகும் முன் அந்தப் பலகையைக் கழற்றுங்கள். பின்பக்கம் வெறும் பலகைதான், எழுத இடமிருக்கிறது. "நான் மூடியைப் பார்த்தேனா?" என்று எழுதி, மருந்து மேசைக்கு நேரே, உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி உள்ளே மாட்டுங்கள். எழுத்து வடிவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.